ரசிகர் ஜெர்சி: இங்கிலாந்துக் கால்பந்தில் சீருடை மாற்றமும் ரசிகர்களின் செலவும்

கால்பந்துக் கழகம் ஒன்றின் ஆட்டக்காரர்கள் களத்தில் அணியும் சட்டையைப் போலவே தயாரித்து, பொதுமக்களுக்கு விற்கப்படும் சட்டை ரசிகர் ஜெர்சி எனப்படும். இங்கிலாந்தில் சிறுவர்களுக்கான பரிசுப் பொருளாகத் தொடங்கிய இச்சட்டை, 1970களில் தனி வணிகமாக வளர்ந்து, 1990களில் எல்லா வயதினரும் அணியும் ஆடையாயிற்று. சட்டையின் வடிவம் அடிக்கடி மாற்றப்படுவதால் நல்ல நிலையில் உள்ள சட்டையும் ஓரிரு ஆண்டுகளில் 'பழைய சட்டை' ஆகிவிடுகிறது. இதனால் ரசிகர் குடும்பங்களுக்கு ஏற்படும் செலவு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்நாட்டில் விவாதிக்கப்பட்டு வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், நுகர்வோர் அமைப்புகள், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகள், நீதிமன்றங்கள் எனப் பல தரப்பும் இதில் தலையிட்டுள்ளன.

வணிகமாவதற்கு முன்

இங்கிலாந்தில் கால்பந்து கழகங்களாக அமைந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சட்டையின் நிறம் அணியை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடாக மட்டுமே இருந்தது. இரண்டு அணிகள் ஒரே நிறத்தில் ஆடினால் குழப்பம் நேரும் என்பதால், 1890இல் கால்பந்து லீக் அமைப்பு தன் உறுப்புக் கழகங்கள் ஒன்றைப் போன்ற நிறத்தை மற்றொன்று பதிவு செய்யக்கூடாது என்று விதித்தது. கழகங்களின் எண்ணிக்கை பெருகியதும் அவ்விதி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. எனவே ஒவ்வொரு கழகமும் வேறு நிறத்தில் இரண்டாவது சட்டைத் தொகுதி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. நிறம் மோதும்போது முதலில் உள்ளூர் அணிதான் சட்டையை மாற்றிக்கொண்டது. 1921 முதல் வெளியூரிலிருந்து வரும் அணி மாற்ற வேண்டும் என்றாயிற்று. பிற்காலத்தில் பெரும் வருவாய் ஈட்டிய 'வெளியூர் ஆட்டச் சீருடை' இந்த எளிய தேவையிலிருந்து பிறந்ததே.

அக்காலத்து ரசிகர்கள் அணியின் சட்டையை அணிந்து மைதானத்துக்குச் செல்லவில்லை. கம்பளி கழுத்துத் துண்டு, தொப்பி, நெஞ்சில் குத்தும் துணிப் பூ, சுழற்றினால் சடசடக்கும் மரக் கிலுகிலுப்பை ஆகியவையே அவர்களின் அடையாளங்கள். கழுத்துத் துண்டை வீட்டிலேயே பின்னிக்கொள்ளலாம். பல ஆண்டுகள் உழைக்கும். அணி புதிய சட்டைக்கு மாறினாலும் அதன் நிறம் மாறாதவரை துண்டு பழசாவதில்லை.

சட்டை தயாரிப்பாளர்களும் அன்று பின்னணியிலேயே இருந்தனர். 1879இல் தொடங்கப்பட்ட புக்டா, 1920இல் செஷையர் மாவட்டத்து வில்ம்ஸ்லோவில் ஹம்ஃப்ரீஸ் சகோதரர்கள் தொடங்கிய அம்ப்ரோ ஆகியவை பெயர்பெற்ற நிறுவனங்கள். அம்ப்ரோ 1950களின் முடிவில் சிறுவர்களுக்கான சட்டை, கால்சட்டை, காலுறை அடங்கிய தொகுதியை விற்கத் தொடங்கியது. ஆயினும் அன்றைய சட்டைகள் பெரும்பாலும் ஒற்றை நிறத்தில், சின்னமோ கோடுகளோ இன்றி இருந்தன. வெள்ளைச் சட்டை வெள்ளைச் சட்டைதான். அதை எந்தத் தையற்கூடமும் தைத்து விற்கலாம், எந்தத் தாயும் கடையில் மலிவாக வாங்கிவிடலாம். அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியவில்லை.

அட்மிரல் கொண்டுவந்த மாற்றம்

இந்நிலையை மாற்றியது லெஸ்டர் நகருக்கு அருகிலிருந்த அட்மிரல் என்ற நிறுவனம். உள்ளாடைகள் செய்துவந்த ஒரு பழைய தொழிற்சாலையின் விளையாட்டு ஆடைப் பிரிவாக அது வளர்ந்தது. அதன் உரிமையாளர் பெர்ட் பேட்ரிக் ஓர் எளிய உண்மையைக் கண்டுகொண்டார். வெறும் வெள்ளைச் சட்டைக்கு உரிமை கோர முடியாது. ஆனால் தனித்த கோடுகள், கழுத்துப்பட்டி, நிறுவன முத்திரை ஆகியவற்றுடன் வடிவமைத்த சட்டையைப் பதிவு செய்து பாதுகாக்கலாம். அப்படிச் செய்தால் அணி அணிவதைப் போன்ற சட்டை வேண்டும் என்று கேட்கும் சிறுவன் அந்த ஒரே நிறுவனத்தின் சட்டையைத்தான் வாங்கியாக வேண்டும்.

1973இல் டான் ரெவி மேலாளராக இருந்த லீட்ஸ் யுனைடெட் கழகத்துடன் அட்மிரல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதுவரை கழகம் சட்டைக்காகப் பணம் கொடுத்து வந்தது. இனி சட்டை நிறுவனம் கழகத்துக்குப் பணம் கொடுக்கும். வரவும் செலவும் இடம் மாறின. 1974இல் ரெவி இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளரானார். அதே ஆண்டில் தேசிய அணியும் அட்மிரல் சட்டைக்கு மாறியது. தயாரிப்பாளரின் முத்திரை இங்கிலாந்துச் சட்டையின் நெஞ்சில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. தோள்பட்டையிலும் கைகளிலும் சிவப்பு, நீலக் கோடுகள் ஓடிய அச்சட்டையைப் பழமைவாதிகள் குறைகூறினர்; சிறுவர்கள் விரும்பினர்.

அட்மிரலைத் தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. கழகங்கள் கண்ணைப் பறிக்கும் வடிவங்களை நாடின. 1978இல் கவென்ட்ரி சிட்டி அணிந்த அட்மிரலின் சாக்லேட் பழுப்பு நிற வெளியூர்ச் சட்டை அக்காலத் துணிச்சலுக்குச் சான்றாக இன்றும் பேசப்படுகிறது. விலை, வடிவ மாற்றம் பற்றிய பெற்றோரின் முணுமுணுப்பும் இக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் போட்டி கடுமையாகி அட்மிரல் நிறுவனம் நொடித்துப்போனது. ஆனால் அது கற்றுக்கொடுத்த வணிக முறை நிலைத்தது.

விளம்பரதாரரும் ஆட்டக்காரர் பெயரும்

சட்டையை விரைவில் பழசாக்கும் இரண்டாவது காரணம் விளம்பரதாரர் வழியே வந்தது. 1976 ஜனவரியில் லீக் அமைப்புக்கு வெளியே இருந்த கெட்டரிங் டவுன் கழகம் 'கெட்டரிங் டயர்ஸ்' என்ற எழுத்துகளுடன் களமிறங்கியது. கால்பந்துச் சங்கம் அதை நீக்கும்படி ஆணையிட்டது. கழகத்தை நடத்திய டெரெக் டூகன் எழுத்துகளை 'கெட்டரிங் டி' என்று சுருக்கினார். 'டி' என்பது டவுனைக் குறிக்கிறது என்று வாதிட்டார். சங்கம் ஏற்கவில்லை. அபராத எச்சரிக்கைக்குப் பிறகு எழுத்துகள் நீக்கப்பட்டன. ஆயினும் மறு ஆண்டே சங்கம் சட்டை விளம்பரத்தை அனுமதித்தது. 1979இல் லிவர்பூல் கழகம் ஜப்பானின் ஹிட்டாச்சியுடன் ஒப்பந்தம் செய்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டங்களில் விளம்பரச் சட்டைக்கு இருந்த தடை 1983இல் விலகியது.

விளம்பரதாரர் மாறினால் சட்டையும் மாறியாக வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் 1982 முதல் 2000 வரை 18 ஆண்டுகள் ஷார்ப் என்ற ஒரே பெயர் இருந்தது. அதன்பின் வோடஃபோன், 2006இல் ஏஐஜி, 2010இல் ஏயான், 2014இல் செவர்லே, 2021இல் டீம்வியூவர், 2024இல் ஸ்னாப்டிராகன் என ஆறு பெயர்கள் வந்துவிட்டன. நிறமும் கழகச் சின்னமும் அப்படியே இருந்தாலும், நெஞ்சில் பழைய நிறுவனத்தின் பெயர் இருப்பதே அச்சட்டை எந்த ஆண்டுக்குரியது என்பதைச் சொல்லிவிடும்.

மூன்றாவது காரணம் சட்டையின் முதுகுப்புறம். முன்பு களமிறங்கும் பதினொருவருக்கு அந்தந்த இடத்துக்கேற்ப 1 முதல் 11 வரை எண்கள் தரப்பட்டன. எண் ஆளுக்குச் சொந்தமல்ல. 1993–94 பருவத்தில் பிரீமியர் லீக் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பருவம் முழுவதும் மாறாத எண்ணையும் முதுகில் பெயரையும் வழங்கியது. உடனே ரசிகர்களும் விருப்ப ஆட்டக்காரரின் பெயரைச் சட்டையில் பொறிக்கக் கேட்டனர். இதற்குத் தனிக் கட்டணம். பல கடைகளில் எழுத்துக் கணக்கில் வாங்கினர். அந்த ஆட்டக்காரர் கோடையில் வேறு கழகத்துக்குப் போய்விட்டால் சட்டையின் மதிப்பு ஒரே நாளில் போய்விடும். ஆகவே முதுகில் பெயரே வேண்டாம் என்றோ, நீண்டகாலம் இருப்பார் என்று நம்பத்தக்கவரின் பெயரையோ தேர்ந்தெடுப்பது அனுபவமுள்ள பெற்றோரின் வழக்கமாயிற்று.

1990கள்: சிறுவர் ஆடை எல்லோருக்குமான ஆடையாதல்

1989இன் ஹில்ஸ்பரோ பேரிடருக்குப் பிறகு வெளியான டெய்லர் அறிக்கையின்படி பெரிய மைதானங்கள் முழுவதும் இருக்கைகள் அமைக்கப்பட்டன. 1990 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அரையிறுதி வரை சென்றது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி ஆட்டங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. இச்சூழலில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் அணிச் சட்டையை மைதானத்தில் மட்டுமின்றித் தெருவிலும் அணியத் தொடங்கினர்.

கழகங்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டன. உள்ளூர்ச் சட்டை, வெளியூர்ச் சட்டை ஆகியவற்றோடு மூன்றாவது சட்டையும் பெரிய கழகங்களில் வழக்கமானது. மான்செஸ்டர் யுனைடெட் தன் தொடக்ககாலப் பெயரான நியூட்டன் ஹீத் கழகத்தை நினைவூட்டும் பச்சை, மஞ்சள் சட்டையை 1992இல் மூன்றாவது சீருடையாக வெளியிட்டது; அடுத்த ஆண்டு கறுப்பு நிற வெளியூர்ச் சட்டை வந்தது. உள்ளூர்ச் சட்டையை ஓராண்டும் வெளியூர்ச் சட்டையை மறு ஆண்டும் மாற்றினால், ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டு நிலைத்தாலும் கடையில் ஆண்டுதோறும் புதிய சட்டை ஒன்று இருக்கும். 'நாங்கள் ஈராண்டுக்கு ஒருமுறைதான் மாற்றுகிறோம்' என்று கழகம் சொல்வதும், 'ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டியிருக்கிறது' என்று பெற்றோர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாயின.

சாம்பல் நிறச் சட்டை

இக்காலத்தின் புகழ்பெற்ற நிகழ்ச்சி 1996 ஏப்ரல் 13 அன்று சவுத்தாம்ப்டனின் டெல் மைதானத்தில் நடந்தது. மான்செஸ்டர் யுனைடெட் அம்ப்ரோ தயாரித்த சாம்பல் நிற வெளியூர்ச் சட்டையில் ஆடியது. முதற்பாதி முடிவில் 3–0 எனப் பின்தங்கியது. இடைவேளைக்குப் பிறகு அணி நீலம், வெள்ளை நிற மூன்றாவது சட்டையில் திரும்பி வந்தது. ஆட்டம் 3–1 என முடிந்தது. கூட்டத்தின் பின்னணியில் சாம்பல் நிறம் கலந்துவிடுவதால் சக ஆட்டக்காரர்களைக் கண்டுகொள்ள முடியவில்லை என்று மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் விளக்கினார். அச்சட்டையில் ஆடிய ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி வெல்லவில்லை. நான்கில் தோல்வி, ஒன்றில் சமநிலை.

சட்டை அத்துடன் கைவிடப்பட்டது. யுனைடெட் அப்பருவத்தில் லீக் பட்டத்தையும் கால்பந்துச் சங்கக் கோப்பையையும் வென்றதால் கழகத்துக்கு அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. ஆனால் ஓராண்டு கூட ஆகாத அச்சட்டையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்த பெற்றோருக்கு அது வேடிக்கையாக இல்லை. சட்டையின் ஆயுள் துணியின் உழைப்பைப் பொறுத்ததன்று, கழகத்தின் முடிவைப் பொறுத்தது என்பதை இந்நிகழ்ச்சி எல்லோருக்கும் புரியவைத்தது.

நியூகாசில் விவகாரம்

1998 மார்ச் மாதத்தில் நியூகாசில் யுனைடெட் கழகத்தின் தலைவர் ஃப்ரெடி ஷெப்பர்டும் துணைத் தலைவர் டக்ளஸ் ஹாலும் மாறுவேடமிட்ட ஒரு செய்தியாளரிடம் பேசியவை 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' ஏட்டில் வெளியாயின. 5 பவுண்டில் தயாராகும் சட்டையை 50 பவுண்டுக்கு விற்கிறோம் என்று பெருமையடித்துக்கொண்டதும், வாங்கும் ரசிகர்களை ஏளனம் செய்ததும் அதில் அடங்கும். இருவரும் பதவி விலக நேர்ந்தது. எனினும் அவ்வாண்டிலேயே இயக்குநர் குழுவுக்குத் திரும்பினர்.

கடை விலையில் வரி, கடைக்காரரின் பங்கு, போக்குவரத்து, விளம்பரம், கழகத்துக்கான உரிமைத் தொகை ஆகியவையும் அடங்கும் என்பதால், தயாரிப்புச் செலவை மட்டும் கழித்து மீதியை இலாபம் என்று கொள்வது சரியான கணக்காகாது. ஆயினும் ரசிகர்கள் நெடுநாளாகச் சந்தேகித்து வந்ததைக் கழகத் தலைவர்களே சொல்லிவிட்டதாக நாடு முழுவதும் பேசப்பட்டது.

விலைக் கூட்டு வழக்கு

சட்டை விலை பெரும்பாலான கடைகளில் ஒன்றுபோல் இருந்ததும் கேள்விக்குள்ளானது. தள்ளுபடியில் விற்கும் கடைகளுக்குச் சரக்கு மறுக்கப்படுவதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து, 1999இல் நியாய வணிக அலுவலகம் கால்பந்துச் சங்கம், பிரீமியர் லீக் முதலிய அமைப்புகளிடம் இனி அவ்வாறு நடக்காது என்ற உறுதிமொழியைப் பெற்றது. 2000 மார்ச்சில் புதிய போட்டிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் மிகப்பெரிய விலைக் கூட்டு நடந்தது.

2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை ஒட்டி இங்கிலாந்து அணியின் சட்டைக்கும், ஆகஸ்டில் வெளியான மான்செஸ்டர் யுனைடெட்டின் புதிய சட்டைக்கும் பெரும் தேவை இருந்தது. ஸ்போர்ட்ஸ் சாக்கர் என்ற கடைத்தொகுதி குறைந்த விலையில் விற்றுவந்தது. மற்றப் பெரிய கடைகள் தயாரிப்பாளரான அம்ப்ரோவுக்கு அழுத்தம் கொடுத்தன. அம்ப்ரோ ஸ்போர்ட்ஸ் சாக்கருக்கு அழுத்தம் கொடுத்தது. முடிவில் பெரியவர் சட்டை 39.99 பவுண்டு என்ற விலையில் பெரிய கடைகளில் நின்றது.

விசாரணைக்குப் பிறகு 2003 ஆகஸ்டில் நியாய வணிக அலுவலகம் பத்து நிறுவனங்களுக்கு மொத்தம் 1 கோடியே 86 இலட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. ஜேஜேபி ஸ்போர்ட்ஸுக்கு 83.7 இலட்சம், அம்ப்ரோவுக்கு 66.4 இலட்சம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 16.5 இலட்சம், ஆல்ஸ்போர்ட்ஸுக்கு 13.5 இலட்சம் பவுண்டு என அமைந்தது. கால்பந்துச் சங்கமும் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. மேல்முறையீட்டில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2005இல் ஜேஜேபியின் தொகையை 67 இலட்சமாகவும் அம்ப்ரோவின் தொகையை 53 இலட்சமாகவும் குறைத்தது. ஆனால் விலைக் கூட்டு நடந்தது என்ற முடிவு நிலைத்தது.

அபராதம் அரசுக் கருவூலத்துக்குச் சென்றது. கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு எதுவும் திரும்பவில்லை. எனவே 'விச்' என்னும் நுகர்வோர் அமைப்பு 2007இல் ஜேஜேபி மீது வழக்குத் தொடுத்தது. அன்றைய சட்டப்படி தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டுமே வழக்கில் இடம் உண்டு. பழைய சட்டைக்காக வழக்கில் சேர முன்வந்தோர் ஏறத்தாழ 130 பேரே. 2008 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர்களுக்குத் தலா 20 பவுண்டு கிடைத்தது. எத்தனையோ ஆயிரம் சட்டைகள் விற்ற ஒரு விவகாரத்தில் இவ்வளவு சிலருக்கே நிவாரணம் கிடைத்தது சட்டத்தின் குறையாகக் கருதப்பட்டது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், பாதிக்கப்பட்டோர் அனைவரையும் தாமாகவே உள்ளடக்கும் கூட்டு வழக்குக்கு வழி திறந்தது. அச்சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் கால்பந்துச் சட்டை வழக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது.

இத்தகைய கூட்டு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் சட்டையை ஜேடி ஸ்போர்ட்ஸ் 55 பவுண்டுக்கும், தயாரிப்பாளரான எலைட் ஸ்போர்ட்ஸ் தன் கடையில் 60 பவுண்டுக்கும் விற்றன. பின்னர் இருவரும் 60 பவுண்டுக்கு விற்றனர். இதற்காக 2022இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் மூன்று தரப்புக்கும் சேர்த்து 20 இலட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. 2023இல் லெஸ்டர் சிட்டி கழகத்துக்கும் அதன் ஆடை விற்பனை தொடர்பான போட்டிக் குறைப்புக்காக 8.8 இலட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

சின்னம் யாருக்குச் சொந்தம்

அதிக விலை கொடுக்க விரும்பாதோர் மைதானத்துக்கு வெளியே நடைபாதைக் கடைகளை நாடினர். ஆர்சனல் கழகத்தின் ஹைபரி மைதானத்தருகே 1970 முதல் துண்டுகளும் சட்டைகளும் விற்றுவந்த மேத்யூ ரீட் மீது கழகம் வணிகச் சின்ன வழக்குத் தொடுத்தது. தன் பொருள்கள் அதிகாரபூர்வமானவை அல்ல என்று அவர் கடையில் பலகை வைத்திருந்தார். வாங்குவோர் சின்னத்தைத் தயாரிப்பாளரின் அடையாளமாகக் கருதுவதில்லை, தம் பற்றின் அடையாளமாகவே கருதுகின்றனர் என்பது அவர் வாதம். 2002 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கழகத்தின் உரிமையை வலியுறுத்தியது. 2003இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆர்சனலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பற்றின் அடையாளமாக இருந்தாலும் சின்னத்தின் வணிக உரிமை கழகத்துக்கே என்பது இதனால் உறுதியாயிற்று. அட்மிரல் முப்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மாற்றம் சட்ட அளவில் நிறைவடைந்தது எனலாம்.

ஏன் அடிக்கடி மாற்றப்படுகிறது

சாதாரணப் பொருள் விலை ஏறினால் வாங்குவோர் வேறு கடைக்கோ வேறு பொருளுக்கோ போவர். ஆர்சனல் ரசிகர் தம் கழகத்தின் சட்டை விலை அதிகம் என்பதற்காக டாட்டன்ஹாம் சட்டையை வாங்க மாட்டார். மாற்றுப் பொருள் இல்லாத இந்நிலையே சட்டை வணிகத்தின் அடித்தளம். வாங்கியவர் மீண்டும் வாங்க வேண்டுமானால் பழையது கிழிய வேண்டும், அல்லது காலாவதியாக வேண்டும். செயற்கை இழைத் துணி எளிதில் கிழிவதில்லை. ஆகவே வடிவம் மாற்றப்படுகிறது.

ஒப்பந்தத் தொகைகளின் வளர்ச்சியும் இதற்குக் காரணம். மான்செஸ்டர் யுனைடெட் 2002இல் நைக்கியுடன் தொடங்கிய ஒப்பந்தம் 13 ஆண்டுகளுக்கு 30.3 கோடி பவுண்டு. 2015இல் அடிடாஸுடன் தொடங்கியது 10 ஆண்டுகளுக்கு 75 கோடி பவுண்டு. ஆண்டொன்றுக்குக் கணக்கிட்டால் சுமார் 2.3 கோடியிலிருந்து 7.5 கோடியாக, மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. கழகத்துக்கு இவ்வளவு கொடுக்கும் நிறுவனம் அதைச் சட்டை விற்றே ஈட்ட வேண்டும். இன்னொரு வகை ஒப்பந்தத்தில் நிலையான தொகை குறைவாகவும் விற்பனைப் பங்கு அதிகமாகவும் இருக்கும். லிவர்பூல் கழகத்துக்கும் நியூ பேலன்ஸ் நிறுவனத்துக்கும் இடையே 2019இல் நடந்த வழக்கின்போது, நைக்கி தர முன்வந்தது ஆண்டுக்கு 3 கோடி பவுண்டும் விற்பனையில் 20 விழுக்காடும் என்பது வெளியாயிற்று. இரு வகையிலும் ஆண்டுதோறும் புதிய சட்டை வருவதே கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் நன்மை.

கழகங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. இவ்வருவாய் ஆட்டக்காரர் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் செல்கிறது. நல்ல ஆட்டக்காரர் வேண்டும் என்று கேட்பவர்களும் அதே ரசிகர்களே. சட்டை வாங்குவது கட்டாயமன்று என்பதும் அவர்களின் வாதம்.

குடும்பத்தின் கணக்கு

கட்டாயமில்லை என்ற வாதம் பெரியவர்களுக்குப் பொருந்தும். சிறுவர் உலகில் நிலைமை வேறு. பள்ளியில் மற்றவர் புதிய சட்டையில் வர, சென்ற ஆண்டுச் சட்டையில் நிற்கும் பிள்ளை கேலிக்கு ஆளாகலாம். பிள்ளைகள் வளர்வதால் அளவும் மாறும். ஓராண்டில் சிறிதாகிவிட்ட சட்டைக்குப் பதிலாகப் பழைய வடிவத்தையே பெரிய அளவில் வாங்கலாம் என்றால், அது கடையில் இருக்காது. பிரிட்டனில் சிறுவர் ஆடைக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை என்பதால் சிறுவர் சட்டை விலை சற்றுக் குறைவு. ஆனால் இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது போதிய ஆறுதல் அன்று.

இங்கிலாந்து தேசிய அணியின் சட்டை விலை பலமுறை அரசியல் பேச்சாகியுள்ளது. 2013 மே மாதத்தில் நைக்கி முதல் இங்கிலாந்துச் சட்டையை வெளியிட்டது. பதினொரு மாதங்கள் நிறைவதற்குள், 2014 உலகக் கோப்பைக்காக அடுத்த சட்டை வந்தது. ஆட்டக்காரர் அணிவதைப் போன்ற உயர் வகை 90 பவுண்டு, சாதாரண வகை 60 பவுண்டு. அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் பெற்றோர் மீது இச்சுமை ஏற்றப்படுவதைக் குறைகூறினார். விலை குறையவில்லை. பத்தாண்டுக்குப் பின், 2024இல், உயர் வகை 124.99 பவுண்டு, சாதாரண வகை 84.99 பவுண்டு, சிறுவர் சாதாரண வகை 64.99 பவுண்டு. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் சாதாரண வகைச் சட்டையை மட்டும் வாங்கினால் 299.96 பவுண்டு ஆகும். கால்சட்டை, காலுறை, முதுகில் பெயர் ஆகியவை இதில் சேரா.

ஒரே சட்டையை இரண்டு தரத்தில் விற்பது 2010களில் பரவிய வழக்கம். உயர் வகை உடலை ஒட்டியது, மெல்லிய துணி; சாதாரண வகை தளர்ந்தது. 'உண்மையான' சட்டை எது என்ற கேள்வியை எழுப்பி, ரசிகர்களுக்குள்ளேயே இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாட்டை இது உண்டாக்குகிறது என்ற குறை உண்டு.

ரசிகர்களின் எதிர்வினை

ரசிகர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் 2005இல் வாங்கியபோது எதிர்த்து விலகியோர் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற கழகத்தைத் தொடங்கினர். உறுப்பினர்களுக்கே சொந்தமான அக்கழகத்தின் சட்டையில் விளம்பரதாரர் பெயர் இருக்காது என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. 2010இல் யுனைடெட் ரசிகர்கள் நியூட்டன் ஹீத்தின் பச்சை, மஞ்சள் நிறத்தில் கழுத்துத் துண்டு அணிந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். கழகக் கடையில் வாங்காமலே அணியின் மீதுள்ள பற்றைக் காட்ட பழைய துண்டுக்கே திரும்பியது குறிப்பிடத்தக்கது. கார்டிஃப் சிட்டியின் உரிமையாளர் 2012இல் நீலத்தைச் சிவப்பாக மாற்றியபோது ரசிகர் பலர் நீலத் துண்டுகளுடனேயே மைதானத்துக்கு வந்தனர். 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது.

பிரீமியர் லீக் விதிகளிலும் சில ஏற்பாடுகள் வந்தன. ரசிகர் ஜெர்சியில் தொங்கும் அட்டையில் அச்சட்டை வெளியான தேதி குறிக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாங்குபவர் சட்டைக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று கணிக்க இது உதவும். ஆனால் அடிக்கடி மாற்றுவதையே இது தடுக்கவில்லை.

அணி நிருவாகமே எதிர்த்திசையில் சென்ற எடுத்துக்காட்டு மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபோர்டு. 2021இல் பிரீமியர் லீக்குக்கு முதன்முறையாக உயர்ந்த அக்கழகம், அவ்வாண்டு நவம்பரிலேயே, தன் உள்ளூர்ச் சட்டையை அடுத்த பருவத்திலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளும் என்று அறிவித்தது. ரசிகர்களின் செலவைக் குறைப்பதும் சுற்றுச்சூழலும் காரணங்களாகக் கூறப்பட்டன. வருவாய் குறையும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு இது. சிறிய கழகம் ஒன்றால் முடிந்ததைப் பெரிய கழகங்கள் ஏன் செய்வதில்லை என்ற கேள்வியை அது எழுப்பியது.

வேறு பலர் தத்தம் வீட்டளவில் வழி கண்டுள்ளனர். பருவ இறுதியில் தள்ளுபடி விலைக்குக் காத்திருப்போர் உண்டு. அண்ணன் சட்டையைத் தம்பிக்குக் கொடுப்பது பழைய வழக்கம். முந்தைய காலச் சட்டைகளைத் தேடி அணிவது ஒரு நாகரிகமாகவே வளர்ந்துள்ளது; 1990களின் சட்டைகள் இன்று பழம்பொருள் சந்தையில் அன்றைய விலையைவிட அதிகத்துக்கு விற்கின்றன. அன்று எள்ளி நகையாடப்பட்ட யுனைடெட்டின் சாம்பல் நிறச் சட்டையும் அவ்வாறு தேடப்படும் சட்டைகளில் ஒன்று. மலிவு விலைப் போலிச் சட்டைகளை வாங்குவோரும் பெருகியுள்ளனர்.

மறுபுறம், விற்கப்படாத சட்டைக்காகவும் ரசிகர்கள் போராடியதுண்டு. 2023 மகளிர் உலகக் கோப்பையில் இங்கிலாந்துக் கோல்காப்பாளர் மேரி எர்ப்ஸின் சட்டையை நைக்கி விற்பனைக்கு வைக்கவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு விற்கும்படி கோரினர். பின்னர் விற்பனைக்கு வந்தபோது சில மணி நேரங்களில் தீர்ந்துபோயிற்று. ரசிகர்கள் எதிர்ப்பது சட்டையை அன்று என்பதற்கு இது சான்று. தம் பற்றைக் காட்ட அவர்கள் விலை கொடுக்க ஆயத்தமாகவே உள்ளனர். ஒரே பற்றுக்கு ஆண்டுதோறும் புதிதாக விலை கேட்கப்படுவதே குறை.

இன்றைய நிலை

2025–26 பருவ முடிவுடன் சட்டையின் முன்புறத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பெயர் இடம்பெறாது என்று பிரீமியர் லீக் கழகங்கள் 2023இல் ஒப்புக்கொண்டன. சமூக நோக்கில் வரவேற்கப்பட்ட இம்முடிவாலும் பல கழகங்களின் சட்டை மாறியாக வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டும் அடிடாஸும் 2035 வரை 90 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துள்ளன. பெரும்பாலான பிரீமியர் லீக் கழகங்கள் இன்று உள்ளூர், வெளியூர், மூன்றாவது சட்டை ஆகியவற்றைப் பருவந்தோறும் புதிதாக வெளியிடுகின்றன. விலைக் கூட்டைத் தடுக்கச் சட்டம் உண்டு. போலியைத் தடுக்கச் சட்டம் உண்டு. ஒரு சட்டை எவ்வளவு காலம் அணியின் சட்டையாக நீடிக்க வேண்டும் என்பதை மட்டும் இன்றளவும் கழகமும் தயாரிப்பாளருமே தீர்மானிக்கின்றனர்.